மலையாண்டியும் மாடு இழுத்த போர்க்கப்பலும்

மலையாண்டிக்குப் பயம் என்பது தோளில் கிடக்கிற துண்டு மாதிரி. அது இல்லாமல் அவர் வீட்டு வாசலைத் தாண்டியதே கிடையாது. பல்லி கத்தினால் நின்றுவிடுவார். தெருவில் நாய் படுத்திருந்தால் அடுத்த தெருவழியாகச் சுற்றிப் போவார். நாய் எழுந்து நின்றால் அன்றைக்குப் போகவே மாட்டார். மதுரை பஸ்ஸில் முன்பக்கம் உட்காரமாட்டார், எதிரே வருகிற வண்டி கண்ணுக்குத் தெரியும் என்று. பின்பக்கமும் உட்காரமாட்டார், தெரியாது என்று.

இப்படிப்பட்ட மனிதருக்குத் தொழில், வேட்டு வைப்பது.

வாடிப்பட்டிப் பக்கம் கிணறு தோண்டுகிறவர்கள் பாறை கண்டால் அவருக்குத்தான் ஆள் அனுப்புவார்கள். பாறையில் குழி அடித்து, மருந்து கெட்டித்து, திரி வைத்துக் கொளுத்திவிட்டு, கயிற்றைப் பிடித்து மேலே ஏறி ஓட வேண்டும். மலையாண்டி ஓடுகிற ஓட்டத்தைப் பார்க்கவே ஊர்ப் பிள்ளைகள் வரப்பில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். மற்ற வேட்டுக்காரர்கள் புளியமரம் வரைக்கும் ஓடினால் இவர் அதற்கும் அடுத்த புஞ்சைக்குப் போய்க் குப்புறப் படுப்பார். படுத்துக்கொண்டு சத்தத்தை எண்ணுவார்.

எண்ணுவதில்தான் உயிர் இருக்கிறது. மூன்று குழி வைத்தால் மூன்று சத்தம் கேட்க வேண்டும். கேட்டால், "மூணும் எந்திரிச்சிருச்சு" என்று வேட்டுக்காரர் கத்துவார். அதற்குப் பிறகுதான் ஈ எறும்புகூடக் கிணற்றில் இறங்கும். ஒன்று குறைந்தால், உள்ளே ஒரு வேட்டு தூங்குகிறது என்று அர்த்தம். தூங்குகிற வேட்டை யாரும் தொடக்கூடாது, கிட்டப் போய் எட்டிப் பார்க்கவும் கூடாது. மறுநாள் உச்சிப்பொழுது வரை காவல் இருந்துவிட்டு, அதற்குப் பக்கத்தில் இன்னொரு வேட்டு வைத்துத்தான் அதை எழுப்ப வேண்டும். மலையாண்டியின் தகப்பனார் ஆண்டிச்சாமி தைரியசாலி. தூங்கிய வேட்டு ஒன்றை, ஒரு பீடி குடித்து முடித்ததும் இறங்கிப் பார்த்தார். அவரை மேலே கொண்டுவரக் கயிறு போதவில்லை, கூடை வேண்டியிருந்தது. அன்றிலிருந்து மகன் தைரியத்தைத் தலைமுழுகிவிட்டார்.

மலையாண்டியின் மனைவி செல்லத்தாய்க்குப் பயம் என்ற சரக்கே கிடையாது. இரண்டு பேருக்கும் சேர்த்து இவர் ஒருவரே பயந்துவிடுவதால் தனக்கு அது தேவைப்படவில்லை என்பாள்.

உலகத்தில் பெரிய சண்டை நடந்துகொண்டிருந்த காலம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்று, தை மாதம். பொங்கல் கழிந்த மறுவாரம், மதுரையிலிருந்து சேக் இஸ்மாயில் என்றொருவர் மலையாண்டியைத் தேடிக்கொண்டு வந்தார். காஜிமார் தெருக்காரர். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, தலையில் தோசைக்கல்லைக் கவிழ்த்த மாதிரி ஒரு தொப்பி. மணித்தீவு என்ற சின்ன ராஜ்யத்துக் கடற்படையில் சேவகம். தண்ணீருக்குள் ஒளிந்து வருகிற நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடி விரட்டுகிற காவல் கப்பல் ஒன்று அவர்களுக்கு இருந்தது. பெயர் 'கொடுவா'. ஆள் குறைந்து போனதால் மதுரைப் பக்கம் ஆள் சேர்க்க அவரை அனுப்பியிருந்தார்கள்.

"கடலே பாக்காத ஊர்ல வந்து கப்பலுக்கு ஆள் கேக்குறீகளே பாய்" என்றாள் செல்லத்தாய்.

"கடலப் பாத்தவன் வரமாட்டேங்கறான் தங்கச்சி. அதான் இங்கிட்டு வந்தேன்."

அவருடைய திட்டம் இது. அவனியாபுரம் பக்கம் கண்மாய் நிறைந்து கிடக்கிறது. அதில் கொடுவாவைப் போலவே மரத்தாலும் தகரத்தாலும் ஒரு கப்பல் கட்டி, பீப்பாய்களின் மேல் மிதக்கவிட்டிருக்கிறார். கப்பல் ஓடும். பின்பக்கத்திலிருந்து வெடியை உருட்டித் தண்ணீரில் போடுவார்கள். தண்ணீருக்குள் வெடிக்கும். சனங்கள் வாயைப் பிளப்பார்கள். இளவட்டங்கள் பெயர் கொடுப்பார்கள். வெடிக்கு ஒரு கை வேண்டும்.

மலையாண்டி ஓர் அடி தள்ளி உட்கார்ந்துகொண்டார். "நெசக் கப்பல்லயும் இப்படித்தான் உருட்டிவிடுவீகளா?"

"அங்க இரும்பு டிரம்மு. உள்ளபூரா மருந்து. தண்ணிக்குள்ள காது மாதிரி ஒரு மிசினு வச்சுக் கேப்போம். கீழ ஏதோ இருக்குன்னு தெரிஞ்சா, அதுக்கு மேல போயி டிரம்ம உருட்டிட்டு ஓடணும். மெதுவா ஓடினா நம்ம வெடி நம்ம கப்பலையே தூக்கிரும்."

"அப்ப அதுலயும் ஓட்டந்தானா" என்றார் மலையாண்டி. அந்தக் கப்பலின்மேல் அவருக்கு முதன்முதலாகக் கொஞ்சம் மரியாதை வந்தது. "சரி பாய். உருட்டினது வெடிக்காமப் போனா?"

இஸ்மாயில் தொப்பியைக் கழற்றி உள்பக்கத்தைப் பார்த்தார். "போனாப் போகுது. கடல் பெருசு அண்ணே. நம்ம அந்தப் பக்கம் திரும்பமாட்டோம்."

கண்மாய் சின்னதாயிற்றே என்று மலையாண்டி நினைத்தார். செல்லத்தாய் அதற்குள், "போயிட்டு வாய்யா. போர்க்கப்பல்ல வேட்டு வச்சவன் பொண்டாட்டின்னு நாலு பேரு சொல்லட்டும்" என்று சொல்லிவிட்டாள். மனைவிக்குப் பயப்படுவது அவருடைய பயங்களில் மிகப் பழையது.

அவனியாபுரம் கண்மாயில் நின்ற கொடுவாவைப் பார்த்தபோது மலையாண்டிக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். இரண்டு அடி பின்னால் போனார். பெரிய மாட்டுக்கொட்டகை நீளம். சாம்பல் பூச்சு. முன்னால் பனந்தூரைக் குடைந்து செய்த பீரங்கி. நடுவில் புகைபோக்கி, அதற்குள் ஒரு ஆள் உட்கார்ந்து ஈரவைக்கோலைக் கொளுத்துவான். இயந்திரம் மட்டும் கரையில் இருந்தது. இரண்டு சோடிக் காளைகள். கப்பலின் மூக்கில் கட்டிய வடக்கயிற்றை அவை கிணற்றில் கமலை இழுக்கிற மாதிரி அக்கரையிலிருந்து இழுக்கும். மாட்டை ஓட்டுகிற பொறுப்பு செல்லத்தாயின் தம்பி கருப்புக்கு.

"மாமா, உலகத்துலயே சாணி போடுற கப்பல் இது ஒண்ணுதான்" என்றான் கருப்பு.

"வெளாடாத மாப்ள. நான் திரியக் கொளுத்தி உருட்டினதும் மாடு நடக்கக்கூடாது. ஓடணும்."

மூன்று கலயங்களில் மருந்தை அடைத்தார். தண்ணீர் புகாதபடி வாயைக் கீல் உருக்கி ஊற்றி மூடினார். தண்ணீருக்குள்ளும் அணையாமல் எரிகிற கறுப்புத் திரியை இஸ்மாயில் வாங்கிக் கொடுத்திருந்தார். ஒவ்வொரு கலயத்துக்கும் அடியில் கல், மேலே நீளமான கயிறு, கயிற்று நுனியில் மிதக்க ஒரு சுரைக்குடுக்கை. வேட்டு எங்கே கிடக்கிறது என்று வெளியே அடையாளம் தெரியாமல் மலையாண்டிக்கு மூச்சே வராது.

மதுரையிலிருந்தும் சுற்றுப்பட்டிலிருந்தும் சனம் வந்து கரை முழுக்க அப்பியிருந்தது. வாடிப்பட்டியிலிருந்து செல்லத்தாய் வெங்காயக் கலர்ச் சேலை கட்டி, பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டாள். குழந்தையின் தாய்க்குக் களையெடுப்பு இருந்தது.

கப்பல் கிளம்பியது. புகைபோக்கிக்குள் இருந்தவன் இருமுவது கரை வரை கேட்டது. இஸ்மாயில் முன்னால் நின்று குழலில் கண்ணை வைத்துப் பார்த்தார். மலையாண்டி பின்னால் நெருப்புக் கங்குச் சட்டியுடன் உட்கார்ந்திருந்தார். கிணற்றில் பயந்தால் ஓட மேலே நிலம் இருக்கிறது. இங்கே நான்கு பக்கமும் தண்ணீர். காளைகளை நம்பி ஒரு மனிதன் வேட்டு வைக்கலாமா என்று அவர் குலசாமியைக் கேட்டார். குலசாமி பதில் சொல்வதற்குள் இஸ்மாயில் கையை இறக்கினார்.

முதல் கலயத்தைக் கொளுத்தி உருட்டினார். அடுத்ததை அதன் வால்மாட்டிலேயே உருட்டிவிட்டார், பயத்தின் அவசரத்தில். மூன்றாவதைக் கொஞ்சம் தள்ளி. "ஓட்டு மாப்ள" என்று அவர் கத்திய கத்தலில் காளைகள் கருப்பையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஓடின. மலையாண்டி பலகையில் குப்புறப் படுத்தார்.

தண்ணீர் பனைமரம்போல எழுந்தது. டமார். மறுபடியும் டமார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு டமார். ஒன்று, இரண்டு, மூன்று. அவர் தலையைத் தூக்காமலேயே, "மூணும் எந்திரிச்சிருச்சு" என்று கத்தினார்.

கரை ஆர்ப்பரித்தது. கண்மாய்த் தண்ணீர் சேறாகக் கலங்கி, செத்த மீன்கள் வெள்ளை வெள்ளையாக மேலே வந்தன. பாசி, வைக்கோல், உடைந்த சுரைக்குடுக்கை எல்லாம் மிதந்தன. மலையாண்டி அக்கரையில் இறங்கி, கருப்பின் பக்கத்தில் உட்கார்ந்து, பாதி நாளாக அடக்கிவைத்திருந்த மூச்சை விட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக, கொஞ்சம் மீசையைத் தடவினார்.

அடுத்த காரியம் பெண்களையும் பிள்ளைகளையும் கப்பலில் ஒரு சுற்று ஏற்றிக் கொண்டுவருவது. அம்மாக்கள் சம்மதித்தால் மகன்கள் பெயர் கொடுப்பார்கள் என்பது இஸ்மாயில் கணக்கு. கப்பலைச் சனம் இருந்த கரைக்குத் தள்ளிக் கொண்டுபோனார்கள். முதல் ஆளாக ஏறியவள் செல்லத்தாய். வேட்டு உருட்டிய பின்பக்கத்திலேயே போய் உட்கார்ந்துகொண்டாள். கப்பல் நிறைந்தது. வடம் இறுகியது. கொடுவா நடுக்கண்மாயை நோக்கி நகர்ந்தது.

இஸ்மாயில் சனங்களைக் குஷிப்படுத்தத் கப்பலில் நின்றபடி இடுப்புத் துப்பாக்கியால் வானத்தைப் பார்த்துச் சுட்டார்.

டுமீல்.

கொஞ்சம் பொறுத்து இன்னொரு டுமீல்.

மலையாண்டி இஸ்மாயிலைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவர் ஒரு தடவைதான் சுட்டார். இரண்டாவது சத்தம் கண்மாய்க்கு அந்தப் பக்கமிருந்து வந்தது. அங்கே விமானத் திடலில் புதிதாக ஒரு பெரிய தகரக் கொட்டகை எழுப்பியிருந்தார்கள். சத்தம் அதில் போய் முட்டித் திரும்பி வந்தது.

கிணற்றில் இப்படி நடக்காது. கிணற்றுக்குள் வெடித்தால் சத்தம் மேலே போகும், போனது போனதுதான். பிறந்ததிலிருந்து மலையாண்டி எண்ணியதெல்லாம் கிணற்றுச் சத்தம். திரும்பி வருகிற சத்தம் ஒன்று உண்டு என்பது அவர் எண்ணிக்கையிலேயே இல்லை. முதல் இரண்டு கலயமும் அடுத்தடுத்து வெடித்தன. முதலாவது திரும்பி வந்த சத்தம் இரண்டாவதற்குள் அமுங்கிவிட்டது. இரண்டாவது திரும்பி வந்ததைத்தான் அவர் மூன்று என்று எண்ணினார்.

அவர் தண்ணீரைப் பார்த்தார். வாடைக்காற்றில் மீனும் பாசியும் வைக்கோலும் ஒரே பக்கமாக ஒதுங்கிக்கொண்டிருந்தன. ஒரே ஒரு சுரைக்குடுக்கை மட்டும் ஒதுங்கவில்லை. நட்டுவைத்த மாதிரி ஒரே இடத்தில் நின்று தலையாட்டியது. அதன் கயிறு கீழே எதையோ பிடித்துக்கொண்டிருந்தது.

கப்பல் அதை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தது.

மலையாண்டி கத்த வாயைத் திறந்தார். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டார். கப்பலில் இருக்கிற அத்தனை பேரும் கிணற்றுக்காட்டுப் பெண்கள். 'வேட்டு' என்ற சொல் காதில் விழுந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடித்தான் பழக்கம். ஓட நிலம் எங்கே இருக்கிறது? எல்லாரும் ஒரு பக்கம் எழுந்து ஓடினால் பீப்பாய்க் கப்பல் குடம் மாதிரிக் கவிழும். அந்த இடத்தில் ஆழம் இரண்டு ஆள்.

"மாப்ள" என்றார். "மாட்ட நிறுத்து."

"ஏன் மாமா?"

"நிறுத்துடா. ஒண்ணு தூங்குது."

கருப்பின் முகத்தில் இருந்த விளையாட்டெல்லாம் ஒரே நொடியில் வடிந்தது. மூக்கணாங்கயிற்றைப் பிடித்துத் தொங்கினான். காளைகள் நின்றன. வடம் தொய்ந்து தண்ணீரில் விழுந்தது. கப்பல் நிற்கவில்லை. வாடைக்காற்று அதன் தகரத்தில் கையை வைத்து, குடுக்கையை நோக்கி மெல்லத் தள்ளிக்கொண்டே இருந்தது.

தூங்குகிற வேட்டைத் தொடக்கூடாது. திரி எங்கேயோ நனைந்து, எங்கேயோ கனிந்துகொண்டிருக்கும். இந்த நொடி எழலாம், நாளைக்கு எழலாம், எழாமலே போகலாம். கூடையில் வந்த தகப்பனாரை மலையாண்டி நினைத்தார். பின்பக்கம் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு குழந்தைக்கு வேடிக்கை காட்டுகிற வெங்காயக் கலர்ச் சேலையைப் பார்த்தார். எழுந்து அடுத்த புஞ்சைக்கு ஓடவேண்டும் என்று கால் சொன்னது. அவர் காலின் பேச்சைக் கேட்காமல் இருந்தது அந்த ஒரு தடவைதான். வேட்டியை அவிழ்த்துப் போட்டுவிட்டு, கோவணத்தோடு தண்ணீரில் விழுந்தார்.

கரையிலிருந்து ஒரே சிரிப்பு.

"அண்ணே, மீனு இங்கிட்டுக் கெடக்கு, அங்கிட்டுப் போறீக."

"நீர்மூழ்கிக் கப்பல் வருதுடோய். சுடுங்க பாய், சுடுங்க."

யாரோ பிடிமண்ணை எடுத்து எறிந்தார்கள். கப்பலிலிருந்து பெண்களும் சேர்ந்து சிரித்தார்கள். செல்லத்தாய் சிரிக்கவில்லை. "யோவ், இம்புட்டுச் சனம் பாக்க மீனுக்கா விழுகுற? வீட்டுல கருவாடு இல்லையாய்யா? மானத்த வாங்காதய்யா."

மலையாண்டியின் வாய்க்குள் சேறும் குலசாமியும் நிறைந்திருந்தார்கள். குடுக்கையைப் பிடித்தபோது கயிறு துடித்தது. கீழே கலயம் கனிந்துதான் துடிக்கிறது என்று நினைத்தார். பிறகுதான் துடிப்பது தன் கை என்று தெரிந்தது. அடியில் கல் சேற்றில் புதைந்திருந்தது. இழுத்தார். வரவில்லை. மறுபடி இழுத்தார். தூங்குகிற வேட்டைக் கயிறு கட்டி இழுக்கிற ஒரே முட்டாள் உலகத்தில் தான்தான் என்று தோன்றியது. கல் சேற்றைவிட்டுப் பெயர்ந்து வந்தது.

கயிற்றைப் பல்லால் கடித்துக்கொண்டு சம்பங்கோரை மண்டிக்கிடந்த மூலையைப் பார்த்து நீந்தினார். கலயம் கீழே அவர் காலோடு காலாக வந்தது. ஒரு தடவை முழங்காலில் இடித்தது. அவர் கண்ணை மூடினார். கண்ணைத் திறந்தபோது இன்னும் தண்ணீர்தான் இருந்தது. முதுகுக்குப் பின்னால், குடுக்கை நின்ற இடத்தின்மேல் கப்பல் ஏறிப் போனது. கைக்குழந்தை அவரைப் பார்த்துக் கெக்கலித்தது.

கோரைக்குள் கலயத்தை விட்டுவிட்டு, கரை ஏறி, அவர் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து அவனியாபுரம் முழுக்கச் சிரித்தது. கருப்பு மட்டும் அவருக்கு முன்னால் ஓடி, கோரைப் பக்கம் போன ஆடுகளைக் கல்லெறிந்து விரட்டினான்.

காற்றில் கப்பல் கரை ஒதுங்கி, இஸ்மாயில் இறங்கி வந்ததும் மலையாண்டி விஷயத்தைச் சொன்னார். பாயின் முகம் சட்டையைவிட வெளுத்தது. வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்க கப்பல்லயும் வெடிக்காமப் போனது உண்டு அண்ணே" என்றார் மெதுவாக. "அது மேல பொறவு யாரு போனான்னு நாங்க பாத்ததில்ல."

மலையாண்டி தன் துண்டை எடுத்து அவரிடம் நீட்டினார். அதுவும் ஈரமாகத்தான் இருந்தது.

இஸ்மாயில் எழுந்து, தொப்பியைச் சரியாக வைத்துக்கொண்டு, கப்பலின் இயந்திரம் பழுது, இன்றைக்கு இனிமேல் ஓடாது என்று சனங்களுக்கு அறிவித்தார். இயந்திரம் நான்கும் கரையில் நின்று வைக்கோல் தின்றுகொண்டிருந்தன. சனம் கேலி பேசிக்கொண்டே கலைந்தது.

செல்லத்தாய் குழந்தையைக் கருப்போடு பஸ்ஸில் அனுப்பிவிட்டு, புருசனைத் திட்டுவதற்காகவே தங்கினாள். மலையாண்டி கோரை மூலையைப் பார்த்தபடி, அதற்கு எவ்வளவோ தூரத்தில் உட்கார்ந்திருந்தார். அவள் கிட்டே வரும்போதே, "அங்கயே நில்லு, இங்கிட்டு வராத" என்றார்.

"ஏன், மீனுல பங்கு கேட்டுருவேன்னா?"

அவர் சொன்னார். எண்ணிக்கை தப்பியதைச் சொன்னார். கொட்டகையைச் சொன்னார். அவள் உட்கார்ந்திருந்த இடத்தை மட்டும் மாற்றிச் சொன்னார்.

அவள் வாயே திறக்கவில்லை. கலியாணமான நாளிலிருந்து செல்லத்தாய் பேசாமல் இருந்து அவர் பார்த்ததில்லை. அதற்கும் அவருக்குப் பயமாக இருந்தது.

இரவு முழுக்கக் கருவேல மரத்தடியில் இரண்டு பேரும் காவல் இருந்தார்கள். இஸ்மாயில் பிரெட்டும் டீயும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கோரைக்கு அந்தப் பக்கம் அவரும் காவல் நின்றார். மறுநாள் உச்சிப்பொழுதில் மலையாண்டி நடுங்கி நடுங்கிக் கோரைக்குள் போய், தூங்குகிறதற்குப் பக்கத்தில் சின்னதாக ஒன்று வைத்து, மிக நீளமான திரியைக் கொளுத்திவிட்டு ஓடிவந்து செல்லத்தாயின் பக்கத்தில் விழுந்தார்.

சின்னது முதலில் வெடித்தது. அதைத் தொடர்ந்து பெரியது எழுந்தது. தண்ணீரும் சேறும் கோரையும் பனை உயரத்துக்கு மேலே போய், கொஞ்ச நேரம் வானத்தில் நின்று, பிறகு சடசடவென்று விழுந்தன. தகரக் கொட்டகை அந்தச் சத்தத்தை அப்படியே திருப்பி அனுப்பியது. கோரை இருந்த இடத்தில் ஒரு பள்ளம் இருந்தது.

செல்லத்தாய் நின்றுகொண்டிருந்தவள் உட்கார்ந்தாள்.

"நேத்து நான் எங்கிட்டு உக்காந்திருந்தேன்?"

"முன்னாடிதான். பீரங்கிகிட்ட. ரொம்பத் தூரம்."

"பொய் சொல்லாதய்யா. பின்னாடிதான இருந்தேன். அந்தக் குடுக்கையப் பாத்தேன். கிட்ட வரவும் எட்டி எடுத்து, பிள்ளைக்கு வெளாடக் குடுக்கலாம்னு கைய நீட்டிக்கிட்டுத்தான் இருந்தேன். அதுக்குள்ள நீ வந்து எடுத்துட்டுப் போயிட்ட."

மலையாண்டி தலையைக் குனிந்துகொண்டார். வாடிப்பட்டிப் பக்கம் போகிற பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமானால் இப்போதே நடக்க வேண்டும்.

"எந்திரி, போவோம்" என்றார்.

"நீ எந்திரி மொதல்ல."

"எனக்கு நேத்துலருந்தே காலு வரல."

"எனக்கு இப்பத்தான்" என்றாள் செல்லத்தாய். அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து இறுகப் பிடித்துக்கொண்டாள். பஸ் போகிற சத்தம் ரோட்டுப் பக்கம் கேட்டுத் தேய்ந்தது. அவர்கள் உட்கார்ந்தே இருந்தார்கள்.